மேதையின் பலவீனம்

"அந்த அம்மா மட்டும் 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க, அந்த நிமிஷமே படத்துக்கு மூடுவிழாதான். ஆமா!"

தயாரிப்பாளர் காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தார். டைரக்டர் ஏற்கெனவே எடுத்த படம் ஊத்திக்கொண்டுவிட்டது. இதுவும் போனால் யாரும் அவரை வாசலில்கூட நிற்கவிட மாட்டார்கள்.

மறைந்துபோன இசை மேதை ஒருவரின் வாழ்க்கைதான் படம். மனிதர் இருந்தவரை ஒரு பேட்டி கொடுத்ததில்லை, ஒரு விழாவுக்குப் போனதில்லை. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து, ஊரெல்லாம் முணுமுணுக்கும் மெட்டுகளைப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவருடைய மனைவி போனில் சொன்னதை வைத்துத்தான் முழுக் கதையையும் எழுதியிருந்தார் டைரக்டர். இன்று அந்த அம்மாவே படப்பிடிப்பைப் பார்க்க வருகிறார். இன்றைக்கென்று பார்த்து, மேதை போதையில் தள்ளாடும் காட்சி!

"எந்தப் பொம்பளைய்யா புருஷன் குடிச்சதை ஊருக்குக் காட்டச் சம்மதிப்பா?"

"அவங்க வாயால சொன்னதுதான் சார். மேதைன்னா ஒரு கோளாறு இருக்கணும். அது இல்லேன்னா அவர் சும்மா பாட்டு வாத்தியார். யார் சார் டிக்கெட் வாங்குவாங்க?"

வாசலில் கார் வந்து நின்றது. சிரித்த முகமாக இறங்கினார் அம்மா. மேக்கப்போடு வணக்கம் சொன்ன ஹீரோவை மேலும் கீழும் பார்த்தார்.

"அடேயப்பா, அச்சு அசல் அவரேதான்! முடிகூடச் சீவாம நிக்கறதைப் பாரு!"

டைரக்டர் மென்று விழுங்கினார். "அம்மா... இன்னிக்கு அந்த... தண்ணி விஷயத்தைத்தான் எடுக்கறோம். உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

"எதுக்கு வருத்தம்? நடந்ததைத்தானே எடுக்கறீங்க? தண்ணி இல்லேன்னா அவருக்கு மெட்டே வராதே!"

தயாரிப்பாளரின் முகம் மலர்ந்தது. அம்மாவுக்கு அவரே நாற்காலி எடுத்துப் போட்டார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்களேம்மா?"

"கொஞ்சமா நஞ்சமா! விடிஞ்சதும் ஆரம்பிச்சிடுவார். நான் மூடிட்டு இந்தப் பக்கம் திரும்பினா, அவர் அந்தப் பக்கம் திறந்துடுவார். கடைசிச் சொட்டு வரைக்கும் விடமாட்டார். இதனாலேயே எத்தனை வீடு மாறினோம்! வீட்டுக்காரங்களோட தினமும் சண்டை. மாடியில இருந்தவங்க எங்களைப் பார்த்தாலே பல்லைக் கடிப்பாங்க."

ஹீரோ ஆர்வமாகக் குனிந்தான். "கை கால் நடுங்குமாம்மா?"

"வெடவெடன்னு நடுங்கும்! ஒரு தடவை ரொம்ப முடியாமப் போய் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். கண்ணு முழிச்சதும் என்னைத் தேடலை தம்பி. 'இங்கே தண்ணி உண்டா?'ன்னுதான் கேட்டார்."

ஹீரோவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வசனத்துக்கே விருது நிச்சயம் என்று டைரக்டர் மனக்கோட்டை கட்ட ஆரம்பித்தார்.

"சரிம்மா, நீங்க ஹால்ல வந்து உட்காருங்க. அங்கேதான் லைட் போட்டிருக்கோம்."

"ஹாலா? ஹாலுக்கு எங்கே வந்தார் அவர்? பாத்ரூம்லதான் எல்லாம். கதவைச் சாத்திக்கிட்டா மத்தியானம்தான் வெளியே வருவார்."

"பாவம், யாரும் பார்க்கக் கூடாதுன்னு நினைச்சிருக்கார்," என்று தழுதழுத்த டைரக்டர், மறுவினாடியே கத்தினார். "டேய், எல்லாத்தையும் பாத்ரூமுக்கு மாத்துங்கடா!"

விளக்குகள் போயின. கேமரா போனது. கேமராமேன் இடம் போதாமல் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். அம்மா கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஆக்‌ஷன்!"

ஹீரோ தள்ளாடிக்கொண்டே வந்து சுவரில் சாய்ந்தான். இடுப்பிலிருந்து பாட்டிலை உருவி மூடியைக் கடித்துத் திறந்தான்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று அம்மா அலறினார்.

தயாரிப்பாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். டைரக்டர் கதவோரம் ஓடிவந்தார். "என்னம்மா ஆச்சு?"

"அது என்ன கையில?"

"த... தண்ணிம்மா. நீங்க சொன்ன அதே தண்ணி."

அம்மா பாட்டிலைப் பார்த்தார், ஹீரோவைப் பார்த்தார், அப்புறம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"படத்தை நிறுத்த வேண்டாம் தம்பி, பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டு அந்தக் குழாயைத் திறந்துவிடச் சொல்லுங்க! ஆயுசுக்கும் குடியைத் தொடாத மனுஷன் அவர். ஈரத்துல நடுங்கிக்கிட்டு உட்கார்ந்து, குழாய்த் தண்ணி கொட்டற சத்தத்தைக் கேட்டாத்தான் அவருக்கு மெட்டு வரும், வீட்டுத் தொட்டியே காலியானா வீட்டுக்காரன் சண்டைக்கு வராம என்ன பண்ணுவான்?"