வெங்காயக் கடன்

குமுதா மறுபடியும் கிண்ணத்தோடு கிளம்பிவிட்டாள்.

பண்டமாரான் அடுக்குமாடியில் அவளுக்கு எதிர்வீடு செபாஸ்டியன். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வம்பிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

குமுதாவின் பக்கத்து வீட்டில் பாலன் கத்திக்கொண்டிருந்தான். லோரி ஓட்டுகிறவன். குடித்துவிட்டு வந்தால் மனைவி மாதவி மீது கை நீளும். ஏதோ உடைகிற சத்தம் கேட்டதும், செபாஸ்டியன் வழக்கம்போல டிவி சத்தத்தைக் கூட்டினார். அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடாத நாகரிகமான மனிதர் அவர்.

குமுதாவுக்கு அந்த இங்கிதமெல்லாம் கிடையாது. சண்டை நேரம் பார்த்துத்தான் அவளுக்கு வெங்காயம் தீரும். பாலன் வீட்டுக் கதவை உடைத்துவிடுவதுபோல் தட்டினாள்.

"மாதவி, ரெண்டு வெங்காயம் குடு லா. பிள்ளைங்ககிட்ட குடுத்து விடு."

ஆளுக்கொரு வெங்காயத்தோடு பாலனின் பிள்ளைகள் இருவரும் அவள் பின்னால் போனார்கள். கிண்ணம் காலியாக அவள் கையிலேயே இருந்தது. ஓசி வெங்காயம், அதைச் சுமக்க அடுத்தவள் பிள்ளைகள். செபாஸ்டியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்றைக்கு இவளுக்கு மானம் வரவைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். பாசாரில் வாங்கிய வெங்காயத்தைப் பையோடு தூக்கிக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டினார்.

"இந்தாம்மா. இனிமே வீடு வீடா கிண்ணம் ஏந்த வேணாம்."

குமுதா அதை வாங்கி, அடுப்படி மூலையில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு கூடை வெங்காயம் முளைவிட்டுக் கிடந்தது. அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை.

மேசை மேல் கடையில் வாங்கிய ஒரு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸ். பாலனின் சின்ன மகள் இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள். அதனால் அக்காதான் அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

செபாஸ்டியன், இவர்கள் அம்மா தனியாகவா இருக்கிறாள் என்று குமுதாவிடம் மெல்லக் கேட்டார்.

"இல்ல அங்கிள். மேல்மாடி லெட்சுமி அக்கா மிளகா கேட்டுக்கிட்டு அங்கேயே நிக்கிறாங்க. போலீசுக்கு போன் பண்ணியாச்சு, அவங்க வர்ற வரைக்கும் அக்கா நகர மாட்டாங்க."

சின்னவளின் தலையைத் தடவிக்கொடுத்தபடியே குமுதா சொன்னாள்.

"சத்தம் கேட்டா ஏதாவது ஒண்ணு வேணும்தானே அங்கிள். உங்களுக்கு டிவி. எங்களுக்கு வெங்காயம்."