நடுத்தூணில் ஒரு சார்ஜ் பாயிண்ட்

அந்தப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்குக்கு இரண்டு பேட்டரி கார்கள் புதிதாக வந்தன. முன்பக்கத் தூணருகே சிவப்பு, பின்பக்கத் தூணருகே வெள்ளை. இரண்டின் முகத்திலும் பூஜை போட்ட குங்குமம் இன்னும் காயவில்லை.

“அண்ணே, சார்ஜ் பாயிண்ட்டை என் தூண்ல வெச்சிடுங்க” என்றது சிவப்பு, சுவரில் இருந்த கரண்ட் மெயின் பெட்டியிடம்.

“அதெப்படி? என் தூண்லதான்!” என்றது வெள்ளை.

பெட்டி பதறியது. “லிஃப்ட், மோட்டார் எல்லாம் ஏற்கெனவே என் தலையிலதான். ஒரு பாயிண்ட்டுக்கு மேல தாங்க மாட்டேன். நடுத்தூண்ல வைக்கிறேன், மாறி மாறி வாங்க.”

“நான் நகர்ந்தா வேற வண்டி வந்து என் இடத்துல நின்னுடும்!” என்றன இரண்டும் ஒரே குரலில்.

சிவப்பு ஹாரனை அலறவிட்டது. வெள்ளை ஹெட்லைட்டைப் போட்டு முறைத்தது. நாள் முழுக்க இதே சண்டை. கடைசியில் இரண்டும் ஓய்ந்துபோய், “சரி, நடுவுலயே வைங்க” என்று முனகின.

பெட்டி உடனே பாயிண்ட்டை வைத்தது. “யார் முதல்ல?”

“வெள்ளையே போகட்டும்ணே” என்றது சிவப்பு.

“பரவால்ல, சிவப்பு போகட்டும்” என்றது வெள்ளை.

பெட்டி பூரித்துப்போனது. ஒரு அடி நகரக்கூட இரண்டிடமும் சார்ஜ் இல்லை.