சிவப்புக் கோழி

"பத்துப் பந்தயத்துல ஒண்ணுலகூட நீங்களும், ஆன்லைன்ல 'சிவப்புக் கோழி'ங்கிற பேர்ல ஆடுறவங்களும் ஒரே குதிரையை எடுக்கல. எது ஜெயிச்சாலும் ஆளுக்குப் பாதி! இது கூட்டுக் களவாணித்தனம்!"

லாஸ் வேகாஸ் குதிரைக் கணிப்புப் போட்டியின் நடுவர் டுவைட் போட்ட கூச்சலில் பக்கத்து மாநிலத்துக் குதிரைகளே காதை விடைத்திருக்கும்.

முதலிடத்தில் இருந்த எழுபது வயது இமோஜீன் நிதானமாகப் பர்கரைக் கடித்தாள். "ஆமா, கூட்டுதான். இப்ப என்னங்கிற?"

"அது யாருன்னு சொல்லுங்க. இல்லன்னா ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் தடை!"

"சொல்லமாட்டேன். தைரியமிருந்தா தடை உத்தரவுல கையெழுத்துப் போடு."

டுவைட் பேனாவைத் திறந்தார்.

"போடுப்பா. ஆனா தடை போட்ட சேதிய அவகிட்ட நீயேதான் சொல்லணும். காலையில உனக்கு டை கட்டிவிட்டு, முத்தம் குடுத்து அனுப்புனவகிட்ட."

டுவைட்டுக்கு டை இறுகியது. பேனா மூடிக்கொண்டது.