உள்நாட்டுப் படகு

"எழுதினத மொதல்ல வெட்டுங்க!"

பெரியாயி மேசையில் ஓங்கித் தட்டிய தட்டில் பேனா உருண்டு மணலில் விழுந்தது.

நிலாவெளிக் கடற்கரையில், புறாத் தீவுக்குப் படகு புறப்படும் கொட்டகை அது. மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா பிழை? ரெண்டு பேர், இந்தியா எண்டு எழுதியிருக்கிறன்."

"இந்தியான்னு நான் சொன்னேனா? இவரு சொன்னாரா?"

பக்கத்தில் நின்ற அவள் கணவர் அழகர் தலை குனிந்துகொண்டார்.

"நீங்க சொல்லேல்ல. பேச்சைக் கேட்டால் தெரியுதுதானே?"

"பேச்சுல என்னத்தக் கண்டீங்க? பதுளப் பக்கம் வந்து பாருங்க. பெரகலைக்கு மேல எங்க தோட்டம். மல முழுக்க இந்தப் பேச்சுதான்!"

எழுத்தர் குரலைத் தணித்தார். "கோவிக்காதேங்கோ. உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். வெளிநாட்டார் படகு இப்பவே வெளிக்கிடுது. மேல கூரையும் இருக்கு. உள்நாட்டார் எண்டால் ரெண்டு மணிக்குத்தான். வெயிலுக்க நிக்க வேணும்."

"நிக்கிறோம்! கொழுந்து எடுக்கையில எங்களுக்கு யாரு கொட புடிச்சா?"

பதுளைக் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஹுமைத், கருவாடு ஏற்ற வந்த தன் லொறியில் இருவரையும் கூட்டி வந்திருந்தார். 'ஒரு தடவ கடலையும் தீவையும் காட்டுங்க மொதலாளி' என்று பெரியாயி கேட்டபோது அவரால் மறுக்க முடியவில்லை. சத்தம் கேட்டு இப்போது அவரும் ஓடி வந்தார்.

"என்ன பெரியாயி இது? வெள்ளக்காரங்களோட சொகுசாப் போய்ட்டு வரலாமே. எதுக்கு இங்க காஞ்சிக்கிட்டு நிக்கணும்?"

"நீங்களுமா மொதலாளி?" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "என் ஆத்தா காலையில வேலைக்குப் பேரு கொடுக்கப் போன எடத்துல, பெரட்டுக் களத்துலயே என்னயப் பெத்தா. அவளையும் அப்பனையும் தேயிலைக்கு நடுவுலதான் பொதச்சோம். நாப்பத்தெட்டு வருசத்துல ஒரு நாள் இந்த மண்ண விட்டு வெளிய போனதில்ல. நான் வெளிநாடா?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எழுத்தர் குனிந்து பேனாவை எடுத்தார். எழுதியதை வெட்டிவிட்டு, வேறு பக்கத்தைப் புரட்டி எழுதினார்.

"படிச்சுக் காட்டுங்க."

"பெரியாயி, அழகர். இலங்கை."

"இன்னொரு தடவ."

அவர் மறுபடியும் படித்தார்.

கூரை போட்ட படகு பாதி இடம் காலியாகவே போனது. இருவரும் கொதிக்கும் மணலில் இரண்டு மணி வரை நின்று, மீன்பிடிப் படகொன்றில் நெருக்கியடித்துக்கொண்டு தீவுக்குப் போனார்கள்.

கரையெங்கும் உடைந்த பவளப்பாறைத் துண்டுகள் பாதத்தைக் குத்தின. பாறை இடுக்கிலிருந்து புறாக்கள் படபடவென்று எழும்பின. பெரியாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்கினாள். மஞ்சளும் நீலமுமாய் மீன்கள் காலைச் சுற்றி ஓடின. ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள்.

அப்போதும் அவள் ஆத்திரம் அடங்கவில்லை.

"இந்தியாவாம்ல, இந்தியா! பாத்த ஒடனே எழுதிட்டான்!"

அழகர் மெல்ல அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த மனுசன் எழுதினது பொய் இல்லையே, புள்ள. ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்துல நம்ம ரெண்டு பேருக்கும் இந்தியப் பாஸ்போட்டு போன மாசமே வந்திருச்சு. வர்ற வெள்ளிக்கிழம தலைமன்னாருல கப்பல் ஏத்தி அனுப்பப் போறாங்க."

பெரியாயி கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமதானே? இன்னிக்கு ஞாயித்துக்கிழம."