ஏழரைக்குள் கிளம்பிய வண்டி

கடையைத் திறந்ததும் ஊதுபத்தி கொளுத்தத் தீப்பெட்டி தேடிச் சட்டைப்பைக்குள் கைவிட்டான். கையில் வந்தது வட்டமான ஒரு மூடி.

வண்டிச் சக்கரத்தின் நடுவில் அமுக்கி வைக்கிற மூடி.

முதலில் அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அட, இதை மாட்ட மறந்துவிட்டோமே என்றுதான் நினைத்தான். அழகுக்கு வைக்கிற பிளாஸ்டிக்தானே. சாயங்காலம் வண்டி வந்ததும் வைத்துக்கொண்டால் போயிற்று.

அப்புறம் உறைத்தது.



சக்கரத்தின் ஐந்து நட்டையும் இறுக்கி முடித்த பிறகுதான் மூடியை வைப்பான். அது அவனே வகுத்துக்கொண்ட முறை. மூடி வைத்தாயிற்றா, அந்தச் சக்கரம் முடிந்தது. மறதிக்காரன் என்று பெண்டாட்டி சொல்லிக்காட்டக் கூடாது பாருங்கள், அதற்காக.

மூடி இங்கே இருக்கிறது.

மேகலா வண்டியில் இருக்கிறாள். பக்கத்து சீட்டில் மகள் தர்ஷிகா. ஆறு வயது.

இருபது வருஷத்துப் பழைய சுமோ. மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசலில் மல்லாந்து கிடந்து எல்லாம் அவனே பார்த்தான். செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஸ்பிரிங் பட்டை மாற்றினான். பிரேக் மாற்றினான். கடைசியாகப் புது அலாய் வீல், அகலமான டயர். மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள் என்று மேகலா நூறு தடவை சொன்னாள். யார் கேட்டது?

இன்று காலை மிச்சம் இருந்தது ஒரே ஒரு சக்கரம். பின்பக்கம், இடது.

இன்று திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம்.

வண்டி ஜாக்கியில் நிற்கும்போது நட்டைக் கையால்தான் திருகி வைக்க முடியும். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு ஸ்பேனரின் மேல் ஏறி மிதித்து இறுக்க வேண்டும். ஐந்தையும் திருகினான். ஜாக்கியை இறக்கினான். மணியைப் பார்த்தான்.

ஏழு இருபத்தைந்து.

முதலில் பூஜை. நட்டு எங்கே ஓடிவிடப் போகிறது?

ஓடிப்போய் நாலு எலுமிச்சம்பழம் எடுத்து வந்தான். நாலு சக்கரத்தின் கீழும் வைத்தான். சூடம் சுற்றினான். பூசணிக்காயை நடு ரோட்டில் போட்டு உடைத்தான்.

"எல்லாம் முடிஞ்சுதுங்களா?" ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு மேகலா கேட்டாள்.

"முடிஞ்சுது, முடிஞ்சுது. ஏழரைக்குள்ள கெளம்பு."

அவன்தான் சொன்னான். இதே வாயால் சொன்னான்.

நாலு பழமும் நசுங்கின. நின்று கைதட்டினான், பாவி.

கடைக்குள் இருந்த உரமூட்டையில் கையை ஊன்றிக்கொண்டான். கடிகாரத்தில் எட்டு மணி ஐந்து நிமிஷம். தாளவாடியிலிருந்து கிளம்பி அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. காட்டு ரோட்டில் பாதிக்கு மேல் போயிருப்பார்கள். திம்பம் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் இறக்கம். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. அதற்குக் கீழேதான் சத்தியமங்கலம். அங்கேதான் பிள்ளையைச் சேர்க்கப்போகிற பள்ளிக்கூடம்.

போன் போட்டான்.

மணி அடித்தது. அடித்து முடிந்தது.

எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டாள். அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவள்.

மறுபடியும் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன்.

பைக்கை எடுத்துக்கொண்டு துரத்தலாமா? முப்பத்தைந்து நிமிஷத்தை எப்படித் துரத்துவது? செக்போஸ்ட்டுக்குச் சொல்லி நிறுத்தச் சொல்லலாம். செக்போஸ்ட் நம்பர் யாரிடம் இருக்கிறது? வருஷம் முழுக்க அந்த வழியே போய் வருகிறான். ஒருநாளாவது வாங்கி வைத்திருக்கலாம் இல்லையா?

கடையை அப்படியே போட்டுவிட்டு வெறுங்காலோடு ரோட்டுக்கு வந்தான். அங்கே சிக்னல் கொஞ்சம் நன்றாக இருக்கும். எதிர்க்கடைக்காரர் என்னவோ கேட்டார். காதில் விழவில்லை.

பண்ணாரித் தாயே, கையால் திருகினாலும் நன்றாகத்தான் திருகினேன். நிற்கட்டும். சத்தி போய்ச் சேருகிற வரைக்கும் நிற்கட்டும் தாயே.

மூன்றாவது தடவை.

மணி அடித்தது.

எடுத்தாள். மேகலா இல்லை, தர்ஷிகா.

"அப்பா, அம்மா வண்டி ஓட்டறாங்க. அப்பறமா பேசறாங்களாமா."

"சாமி, அம்மாவ வண்டிய நிறுத்தச் சொல்லு! இப்பவே ஓரமா நிறுத்தச் சொல்லு தங்கம்!"

அவன் கத்தியதில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"என்னப்பா? கேக்கலப்பா. ஒரே காத்து."

"வண்டிய நிறுத்தச் சொல்லு!"

அந்தப் பக்கம் டமார் என்று ஒரு சத்தம். பெரிய பள்ளத்தில் விழுந்த மாதிரி. எதுவோ தரையில் உரசிக்கொண்டே வருவது கேட்டது. மேகலா அவன் பெயரைச் சொல்லவில்லை. சாமி பெயரையும் சொல்லவில்லை. மூச்சை இழுத்தது மட்டும் கேட்டது.

பிள்ளை சிரித்தாள்.

"அப்பா, அப்பா! ஒரு டயரு தனியா ஓடுதுப்பா. எங்கள முந்திக்கிட்டுப் போகுது!"

 

போனைக் காதிலிருந்து எடுக்காமலே பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அம்மா, அது யாரோட டயரும்மா?"