பனியில் ஓடிய இரட்டை ரயில்

இங்கிலாந்தின் கடலோரப் பாதையில், பன்னிரண்டு, பதின்மூன்று என்ற இரண்டு மின்சார ரயில்கள் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஓடின. ஒரு காலையில், மின்சாரம் தரும் தண்டவாளத்தில் பனி உறைந்துவிட்டது. முன்னால் போன பன்னிரண்டு நடுவழியில் நின்றது.

“எனக்கு மின்சாரமே வரலை அண்ணே!” என்று அழாத குறையாகச் சொன்னது.

“நீ பனியைச் சுரண்டிவிட்டு வந்த இடத்துல நான் நிக்கிறேன். எனக்கு வருது, தள்ளுறேன்” என்றது பதின்மூன்று. சொன்னபடியே தள்ளியது.

நகரத்து நிலையத்தில், “பனியிலும் நேரத்துக்கு வந்துட்டியே!” என்று நடைமேடை பன்னிரண்டைப் பாராட்டியது.

“எனக்குப் பனியெல்லாம் ஒரு பொருட்டா?” என்றது அது.

பதின்மூன்றுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கதவுகளைத் திறந்து பயணிகளை இறக்கிவிட்டது.

திரும்பிப் போக, டிரைவர் மறுகோடிக்கு நடந்துவந்தார். இனி பதின்மூன்றுதான் முன்னால்.

“தம்பி, இப்போ சுரண்டுறது நான், தள்ளுறது நீ” என்றது அது. “பயப்படாதே, உன்னால முடியும்.”