டோலியே போதும்

சேர்மன் மேசைமேல் அந்த வாரப் பத்திரிகை விரிந்து கிடந்தது. வாத்தியார் குருநாதன் எழுதிய கதையில் வரிக்கு வரி சிவப்பு மசியால் கோடு போட்டிருந்தது. மேசைக்கு எதிரே நின்ற வாத்தியார், வேலை போச்சு என்றே முடிவு கட்டினார்.

போகாதா பின்னே? பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த யூனியன் சேர்மனையே கேலி செய்து கதை எழுதினால்? அதுவும் சொந்தப் பேரில்! 'நுணலும் தன் வாயால் கெடும்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மனிதர்தான்.

ஆனால் அவர் வயிற்றெரிச்சல் அவருக்கு. அவருடைய மேல்மலைக் கிராமத்துக்கு ரோடு கிடையாது. நோவு வந்தால் டோலியில் வைத்து நாலு பேர் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். அவருடைய தலைப்பிள்ளை அந்த வழியிலேயே செத்துப் பிறந்தது. இப்போது மனைவி சண்முகவள்ளிக்கு மறுபடியும் எட்டாம் மாதம்.

மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய்த்தான் கதை எழுதினார். கதையில் வரும் தலைவர், ரோடு வந்தால் டோலிக்காரன் பிழைப்பு என்னாவது, ஜனங்கள் காலில் வலு எப்படி நிற்கும் என்று மேடையில் கண்ணீர் விடுவார். ஊரே கைதட்டும்.

வாசலில் நின்ற ஜீப்பில் சர்வேயர் தன் சங்கிலியையும் கொடிக்கம்புகளையும் ஏற்றிக்கொண்டிருந்தார். சேர்மன் பொன்னுச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க எழுதுனதுதானா?"

"ஆமாங்கய்யா. சும்மா... சிரிப்புக்கு எழுதுனதுங்க."

"சிரிப்பா? எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு வாத்தியாரே."

சொன்னதோடு நிற்காமல் எழுந்து வந்து சால்வையும் போர்த்தினார். இப்படி ஒரு தலைவன் வாய்க்க ஜனங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்.

குருநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடப்பாவி மனுஷா, அது உன்னைத்தானய்யா கேலி பண்ணினேன் என்று சொல்லவா முடியும்? சொன்னால் வேலை போகும். வேலை போனால் வீட்டில் உலை கொதிக்காது. வாயைப் பொத்திக்கொண்டு கும்பிட்டார்.

ஆள் இவ்வளவு குளிர்ந்திருக்கும்போது கேட்காமல் வேறு எப்போது கேட்பது? தங்கள் ஊர் ரோட்டு மனு என்ன ஆயிற்று என்று மெல்ல விசாரித்தார்.

சேர்மன் அவர் தோளில் வாஞ்சையாகக் கை வைத்தார்.

"போன வாரமே சாங்ஷன் ஆகி வந்துச்சுங்க. உங்க கதையைப் படிச்ச பெறகு வேண்டாம்னு எழுதிட்டேன்."